ஊமை அலாரம்

அத்தியாயம் 9

திருடிக்கொண்டு போனவன் திருகாணிகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

துருவிக்கு அதுதான் பிடிபடவில்லை. கேம்பர் வேனின் உள்சுவரில், படுக்கையின் தலைமாட்டில், வெளிறிய சதுரம் ஒன்று. அதற்குள் இரண்டு ஓட்டைகள். இரண்டிலும் இரண்டு திருகாணிகள், இரண்டே சுற்று முடுக்கப்பட்டு, முதல் பெஞ்சுப் பிள்ளைகள் போல விறைப்பாக நின்றன. அவை தாங்கிக்கொண்டிருந்த விஷவாயு அலாரத்தைத்தான் காணோம்.

“பாத்தியாடா இதை? அலாரத்தைக் கழட்டினவன் ஸ்க்ரூவை ஓட்டையிலயே விட்டுட்டுப் போயிருக்கான்.”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஸ்பானர் எட்டிப் பார்த்தான். வழக்கமாக அவனுடைய பதில் கேள்விக்கு முன்பே வந்துவிடும். இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

“நல்ல குடும்பத்துத் திருடனா இருப்பான் அக்கா. குடிச்ச கப்பைக் கழுவிக் கவுத்துட்டுப் போற விருந்தாளி மாதிரி.”

துருவி சிரிக்கவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வழக்கைப் பதிவு செய்துவிடுவார்.

துருவி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் விபத்து விசாரணை செய்தபோது, பொய் சொன்னவர்கள் வைத்த பெயர். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சொந்தமாக ஓர் அறைத் துப்பறியும் ஆபீஸும், ஒரு பழைய காரும், ஸ்பானரும் இருந்தார்கள். ஸ்பானருக்கு வயது நாற்பது. உடம்பில் எலும்பைத் தவிர வாய் மட்டுமே இருந்தது. மெக்கானிக் வேலையை உதறிவிட்டு அவளிடம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

வேனுக்கு வெளியே தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். வேனின் சொந்தக்காரி. ஊர் ஊராகப் போய் சந்தைகளில் பழைய துணிகளைத் திருத்தித் தைப்பது அவள் பிழைப்பு. கூடவே போட்டோ எடுத்துக் கொடுப்பது அவள் புருஷன் பிழைப்பு. வீடு, கடை, ஸ்டூடியோ எல்லாம் இந்த ஒரு வண்டிதான். செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவளுக்குத் தலை சுற்றியது. காற்று வாங்கப் போகலாம் என்று எழுந்து, வண்டிகள் நிறுத்தும் மைதானத்தின் குளியலறை வரை போய்விட்டுத் திரும்பி வந்து புருஷனை எழுப்பினாள். அவர் எழவில்லை. வாடையில்லாத புகைவாயு ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். உயிர் இருக்கிறது. கண் திறப்பாரா என்று யாரும் சொல்லவில்லை.

அவள் தப்பித்ததே அவள் குற்றமாகிவிட்டது. குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள், அலாரம் கத்தியது, கத்தின அலாரத்தைக் கழற்றி எறிந்தாள், பிறகு தான் மட்டும் வெளியே போய்விட்டாள். இது இன்ஸ்பெக்டர் எழுதிவைத்திருந்த கதை. வேனைக் கட்டிக் கொடுத்த பட்டறையின் ரசீதில் ‘அலாரம் ஒன்று’ என்று இருக்கிறது, சுவரில் இல்லை. ஹீட்டரைப் பிரித்துப் பார்க்கும் நிபுணர் அடுத்த வாரம்தான் வருவார். அதுவரை கதை கதைதான். புருஷனின் அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வார்டுக்குள் அவளை நுழைய விடாமல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க அடுப்பை வெச்சுக் குளிர் காய்வீங்களாம்மா?” என்று கேட்டாள் துருவி.

“கையால தொடக்கூட மாட்டோம் மேடம். சமைக்கும்போது மேல ஜன்னல், பக்கத்து ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கும். முடிஞ்சதும் சிலிண்டர்லயே மூடிடுவோம். குளிருக்குத்தான் ஹீட்டர் இருக்கே. அப்புறம் அந்த அடுப்பை எப்படிப் பத்தவைக்கிறது? அது மூடிதானே என் மேசை!”

அவள் சொன்னது உண்மை. மைதானத்துக் காவலாளி அன்று காலை எடுத்த போட்டோ ஸ்பானரின் போனில் இருந்தது. அடுப்பின் கண்ணாடி மூடிமேல் தையல் மெஷின். ஊசிக்கடியில் பாதி தைத்த கால்சட்டை.

“இந்த அடுப்பு எரிஞ்சிருந்தா அந்தக் கால்சட்டைதான் முதல்ல வெந்திருக்கும்,” என்றான் ஸ்பானர்.

“அப்புறமா மெஷினை எடுத்து வெச்சிருக்கலாம்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவாரு.”

“சொல்லுவாரு. அவரு வாய்க்கு ஜிப் கிடையாது.”

தையல்காரி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு காரியத்துக்காகவே ஸ்பானருக்குக் கோயில் கட்டலாம் என்று துருவி நினைத்தாள். இந்தக் கேஸை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவனே அவன்தான். ‘பாவம் அக்கா, அந்தம்மாவுக்கு யாருமில்ல’ என்று ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே சுற்றினான். இவ்வளவு இளகின மனசா இவனுக்கு என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“அலாரம் செவ்வாய்க்கிழமை காலையில சுவர்லதான் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இருந்துச்சு மேடம். அவரைத் தூக்கிட்டுப் போகும்போது ஸ்ட்ரெச்சர் அதுல இடிச்சுது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது ஏன் கத்தலைன்னு அப்பவே நினைச்சேன்.”

செவ்வாய் மதியம் வேன், பிடித்துவைத்த வண்டிகளைப் போலீஸ் நிறுத்தும் இந்த யார்டுக்கு இழுத்து வரப்பட்டது. புதன் காலை துருவியும் ஸ்பானரும் வந்தார்கள். தையல்காரியோடு துருவி வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க, ஸ்பானர் உள்ளே போய்ப் படுக்கைக்கு அடியிலிருந்த பாட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்தான். கூரையில் சோலார் பலகை, உள்ளே இன்வெர்ட்டர் என்று இருக்கிற வண்டியில் முதல் வேலை அதுதான். பிறகு அவள் ஏறிப் பார்த்தபோது சுவர் காலி. புதன் மதியம் இன்ஸ்பெக்டர் வந்து அதையே எழுதிக்கொண்டு போனார். ஆக, செவ்வாய் மதியத்துக்கும் புதன் காலைக்கும் இடையில் யாரோ வந்திருக்கிறார்கள். யார்டு வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் ஸ்பானர்தான்.

“எனக்கென்னமோ அண்ணன்காரர் மேலதான் சந்தேகம்,” என்றான் அவன், காரைக் கிளப்பிக்கொண்டே. “தம்பி பொண்டாட்டியைக் கண்டாலே அவருக்கு ஆகல. வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ற மனுஷன், ராவோட ராவா வந்து ஒரு அலாரத்தைக் கழட்ட மாட்டாரா?”

“அவர் கழட்டியிருந்தா பிய்ச்சு எறிஞ்சிருப்பாரு. ஸ்க்ரூவைத் திருப்பி வெக்கிறவன் அதுலயே ஊறினவன்டா. கை தானாச் செஞ்சிருக்கு. பட்டறைக்கு விடு.”

“பட்டறைக்கா?”

“வேற எங்கே?”

பட்டறை வரும்வரை ஸ்பானர் ஒரே ஒரு ஜோக்தான் சொன்னான். அதுவும் பழைய ஜோக். எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையில் காரை நிறுத்திவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க போய்ட்டு வாங்க அக்கா. டீசல் வாடை தலையைப் பிளக்குது.”

துருவி பாதி சாலை கடந்த பிறகுதான் அதை யோசித்தாள். டீசலில் கை கழுவி வளர்ந்தவனுக்கு டீசல் வாடையில் தலைவலி. வயசாகிறது போல என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பட்டறைக்குள் மூன்று வேன்கள் வயிற்றைக் கிழித்துப் போட்ட மாதிரி நின்றன. பலகைத்தூள் காற்றில் மிதந்தது. காதில் பென்சில் செருகியிருந்த கனத்த மனிதர் ஒருவர் பலகையை அளந்துகொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் ஒருவன் ஒரு கதவைப் பிரித்துக்கொண்டிருந்தான். கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பெயிண்ட் டப்பாவுக்குள் எறிந்தான். டப்பாவுக்குள் நூறு ஜாதித் திருகாணிகள் கலந்து கிடந்தன.

துருவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“உங்க ஆளுங்க எல்லாருமே ஸ்க்ரூவை இப்படித்தான் போடுவாங்களா?”

பென்சில்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “வேற எப்படிம்மா போடணும்? பூஜை பண்ணியா போடணும்?”

“கழட்டின ஓட்டையிலயே திருப்பி வெக்கிறவங்க யாரும் இல்லையா?”

“ஓ, அதுவா!” அவர் முகம் மலர்ந்தது. “அதுக்கு ஒரே ஒருத்தர்தான். எங்க ஆளு இல்லை, வெளி ஆளு. நாங்க பலகை வேலை மட்டும்தான் பண்றோம். ஹீட்டர், கேஸ் லைன், அலாரம் எல்லாம் அவர் கை. ஞாயித்துக்கிழமை மட்டும் வருவாரு. அதனால பேரே ஞாயிறுதான். எதைக் கழட்டினாலும் ஸ்க்ரூவை அந்தந்த ஓட்டையில ரெண்டு சுத்து சுத்தி வெச்சுட்டுத்தான் அடுத்த வேலை. ஏன்னு கேட்டா, சின்ன வயசுல ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சா அன்னிக்கு டீ கிடையாதுன்னு வளர்த்தாங்களாம்.”



அந்த டீ கதையை அவள் கேட்டிருக்கிறாள். ஆபீஸ் மின்விசிறியைக் கழற்றிய நாளில். காரின் கண்ணாடியைக் கழற்றிய நாளில். அவள் வீட்டுக் கதவுப் பூட்டைக் கழற்றிய நாளில்.

“ஆள் எப்படி இருப்பாரு?” கேட்கத் தேவையில்லாத கேள்வியைக் கேட்டாள்.

“ஊதினா பறந்துடுவாரு. ஆனா வாய் இருக்கே! அவர் இருந்தா இங்கே வேலையே நடக்காதும்மா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும்.”

தகரச் சுவரின் இடைவெளி வழியாக எதிர்ப்பக்கம் தெரிந்தது. டீக்கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஸ்பானர் இரண்டு கைகளையும் விரித்து எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

புதன் காலை நினைவுக்கு வந்தது. ஸ்பானர் வேனுக்குள் இருந்த நேரத்தில் தையல்காரி தன் கல்யாணக் கதையை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். ஒரு சுவிட்சை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ‘பாவம் அக்கா’ என்று கெஞ்சினானே. அது தையல்காரிக்காக இல்லை. அந்த வேனுக்குள் முதல் ஆளாகக் கால் வைப்பதற்காக.

துருவி சாலையைக் கடந்து அவன் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்ன அக்கா, பென்சில் என்ன சொல்றாரு? கூர் மழுங்கிடுச்சா?”

“அவர் காதுல பென்சில் இருக்கும்னு உனக்கு யாருடா சொன்னது?”

ஸ்பானரின் கை டீ கிளாஸோடு அந்தரத்தில் நின்றது. பிறகு கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். டீக்கடைக்காரம்மா அடுத்த ஜோக்குக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.

“டூல் பாக்ஸை எடுத்துட்டு வா.”

“அக்கா…”

“எடுத்துட்டு வா.”

எடுத்து வந்து திறந்தான். மேல் தட்டைத் தூக்கினான். அடியில் துடைக்கும் துணியில் சுற்றி வைத்திருந்தான். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. துருவி அதைத் திருப்பி, பாட்டரி மூடியை நகத்தால் நெம்பினாள். மூடியின் உள்பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு தேதியும், ‘வாசல் பக்கம்’ என்ற இரண்டு வார்த்தைகளும் இருந்தன.

அவளுடைய கையெழுத்து.

“இது நம்ம ஆபீஸ்ல இருந்ததுடா.”

“ஆமாக்கா.”

“போன வருஷம் காலாவதி ஆயிடுச்சு, உடைச்சுத் தூக்கிப் போடுன்னு உன் கையில குடுத்தேன்.”

“ஆமா.”

“பட்டனை அமுக்கினா கத்துதே, நல்லாத்தானே இருக்குன்னு நான் கேட்டேன். நீ என்ன சொன்னே? சொல்லுடா. உன் வாயால சொல்லு.”

ஸ்பானர் தரையைப் பார்த்துச் சொன்னான். “பட்டன் தொண்டையைத்தான் சோதிக்கும், மூக்கைச் சோதிக்காதுன்னு சொன்னேன்.”

“தெரிஞ்சே மாட்டியிருக்கே.”

“புது அலாரம் வந்து சேரல அக்கா. அவங்களுக்கு அன்னிக்கு சாயந்தரம் வண்டி வேணும், மறுநாள் வேற ஊர்ல சந்தை. அந்தம்மா அந்த மெஷினை மடியில வெச்சுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. உடைக்காம வெச்சிருந்த இந்தப் பழசு என் பெட்டியில கிடந்துச்சு. ஒரு வாரத்துக்கு இருக்கட்டும், அடுத்த ஞாயிறு அவங்க இந்தப் பக்கம் வரும்போது மாத்திடலாம்னு…”

“ஹீட்டர்?”

அவன் டூல் பாக்ஸின் மேல் தட்டைத் திருப்பி வைத்தான்.

“ஹீட்டரைப் பத்திக் கேக்கறேன்.”

“புகையை வெளியே விடற குழாயோட கிளாம்பு. கையாலதான் முடுக்கினேன். பத்தாம் நம்பர் ஸ்பானர் அன்னிக்கு எடுத்துட்டு வரல. அதையும் அடுத்த ஞாயிறு…” துடைக்கும் துணியை மடித்தான். “அடுத்த ஞாயிறு நீங்க நகைக்கடை கேஸுக்குக் கூப்பிட்டுட்டீங்க. அதுக்கப்புறம் தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு.”

“அப்போ நான்தான் காரணமா?”

“ஐயோ இல்லக்கா! நான் அப்படிச் சொல்லல.”

“ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறேன்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருப்பேன்? கிளாம்பை இறுக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நகைக்கடை நாசமாப் போகட்டும்னு நானே உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேனேடா.”

“பயந்துட்டேன் அக்கா.”

“பயந்தவன் ஓடியிருக்கணும். நீ ஓடல. என் கூடவே வந்தே. மூணு நாளா அந்தம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே ஜோக் அடிச்சே. அவங்க சிரிச்சாங்கடா!”

ஸ்பானரின் கண்கள் நிறைந்துவிட்டன. அதைத் துடைக்காமல் குரலைத் தாழ்த்திப் பேசினான். “ஒண்ணு செய்யலாம் அக்கா. இதை யார்டு வேலிக்கு வெளியே புதர்ல போட்டுடறேன். நாம தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும். காலாவதியானதுன்னு தெரிஞ்சதும் பழி பட்டறை மேல போயிடும். என் பேர் வெளியே வராது. நீங்க மட்டும் கொஞ்சம்…”

“புதர்ல கிடந்தா அதை யார் எறிஞ்சதா ஆகும்?”

அவன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

“பாத்தியா? இப்பக்கூட உனக்கு அந்தம்மா ஞாபகத்துல இல்ல.”

துருவி எழுந்தாள். அலாரத்தைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மணி இரண்டரை.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி நடைபாதையில், வார்டு வாசலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மறு கோடியில், கழிப்பறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் தையல்காரி. இன்ஸ்பெக்டர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். துருவி அவர் கையில் அலாரத்தை வைத்தாள்.

“கழட்டினவர் கிடைச்சுட்டாரு சார். அவரே சொல்லுவாரு.”

ஸ்பானர் சொன்னான். எதையும் விடவில்லை. பழைய அலாரத்தை, கையால் முடுக்கிய கிளாம்பை, புதன் காலை சுவிட்சை அணைக்கப் போன சாக்கில் கழற்றி மடியில் ஒளித்ததை, வேலியில் ஓட்டை இருக்கிறது என்று கைகாட்டியதை. குறுக்கே ஒரு இடத்தில் பழக்க தோஷத்தில் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வந்து, தானே நிறுத்திக்கொண்டான்.

தையல்காரி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று துருவி நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“நீங்கதானா அது? அன்னிக்குத் தலையில துணி கட்டியிருந்தீங்க. வண்டிக்கு அடியில இருந்தே பேசினீங்க. அதான் எனக்கு முகம் தெரியல.”

“ஆமாம்மா.”

“ஞாயித்துக்கிழமை தவறாம அந்தப் பட்டனை அமுக்குவோம். நீங்கதான் சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க. அது கத்தும். இவரு உடனே சொல்லுவாரு, ‘நாம தூங்கலாம், ஒருத்தன் நமக்காக முழிச்சிருக்கான்’னு.” அவள் குரல் உடையாமல்தான் இருந்தது. “நாங்க நல்லாத் தூங்கினோம்.”



அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டார். தையல்காரி அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள், அவள் புருஷனின் காலடியில் கைவைத்து, போர்வையைச் சரிசெய்வது துருவிக்குத் தெரிந்தது. நான்கு நாளாக அவள் செய்ய ஏங்கிக் கிடந்த வேலை அது.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தார். கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டேதான் கேட்டார்.

“உங்க வாக்குமூலமும் வேணும் மேடம். இவரைப் பிடிச்சுக் குடுத்தது நீங்கதான். இவர் உங்களுக்கு என்ன வேணும்னு எழுதணும்.”

ஸ்பானர் தலையை நிமிர்த்தினான். பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஹோட்டல்காரர்கள், வக்கீல்கள், அவள் மூட்டு வலிக்கு மருந்து கொடுக்கும் டாக்டர். ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் ‘என் தம்பி’ என்று சொன்னவள் அவள். அவன் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தான். கண்ணாலேயே கெஞ்சினான்.

துருவி அவனைப் பார்க்காமல், இன்ஸ்பெக்டரின் பேனா முனையைப் பார்த்தாள்.

“ஹீட்டர் மாட்டினவரு,” என்றாள். “அப்படியே எழுதிக்கோங்க.”